நீல மூடி டப்பா

மிக்சி நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை, கர்ரென்று ஒரு இழுப்பு இழுத்து, வயர் கருகுகிற வாசனையை விட்டுவிட்டு நின்றது. ஜார் மூடியை அழுத்திப் பிடித்த கையைப் பரிதி எடுக்கவில்லை. மிக்சி சத்தம் நின்றால் அடுத்து எந்தச் சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும். வந்தது. "என்னடா அது?" உள்ளறையிலிருந்து அம்மா. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு மல்லாக்கப் படுத்திருக்கிறாள், ஆனால் கண்ணில் இருந்ததெல்லாம் காதுக்குப் போய்விட்டது போல, பக்கத்து வீட்டில் பால் பொங்குவதுகூட அவளுக்குத்தான் முதலில் கேட்கிறது. "சட்னி" என்றான். "இப்பதானேடா இட்லி தின்னோம்?" "மத்தியானத்துக்கு." "மத்தியானத்துக்கு சட்னியா?" துவையல் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரிந்தவனுக்குத் துவையல்தான் முதலில் வாயில் வந்திருக்கும், இவனுக்குச் சட்னி வந்தது. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திட்டினால் ஒரு அளவு தெரியும், பேசாமல் இருந்தால் எவ்வளவு தெரிந்துகொண்டாள் என்று யார் கண்டார்கள். மூடியைத் திறந்து பார்த்தான். பச்சைப்பயறு பாதி மாவாகியிருந்தது, ரோஜா இதழ் தூளாகிவிட்டது, கஸ்தூரி மஞ்சள் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் பிளேடுக்குள் சொருகிக்கொண்டு கோரைக்கிழங்கு. கறுப்பாக, முடிச்சு முடிச்சாக, ஆட்டுப்புழுக்கைக்கு வேர் முளைத்த மாதிரி. இத்தனூண்டு கிழங்கு ஒரு மிக்சியை நிறுத்துமா? நிறுத்தியது. இதை முழுசாகப் போடக்கூடாது என்று யாராவது சொல்லியிருக்கலாம். யார் சொல்வார்கள், யாரிடமும் கேட்கவில்லையே.

கேட்டிருந்தால் அரைக்க விட்டிருக்கவே மாட்டாள். அம்மா சொன்னது ஒரே ஒரு விஷயம்தான், காலையில், நேற்று சென்னையிலிருந்து வந்த எழில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பின்பக்கம் போன பிறகு. "நீல மூடி டப்பால பொடி இருக்கும். அதக் குடு. புதுசா எதுவும் அரைக்க வேணாம்." அவ்வளவுதான். அந்த வீட்டில் குளிக்கிற பொடிக்கு எப்போதும் இரண்டு டப்பா. நீல மூடி ஆம்பளைகளுக்கு, பச்சை மூடி பொம்பளைகளுக்கு. பயறு ஒன்றுதான், பூ ஒன்றுதான், வெட்டிவேர்கூட ஒன்றுதான். பச்சை மூடியில் மட்டும் கோரைக்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் சேரும். அது இரண்டும் பட்டால் முடி முளைக்காது, ஆம்பளைக்கு மீசை வராது, அதனால் ஆம்பளை அதைத் தொடக்கூடாது. கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அம்மா தனக்கென்று அரைத்துக்கொள்வதை விட்டுவிட்டாள். பச்சை மூடி டப்பா காலியாகி, இப்போது அதில் சேஃப்டி பின்னும் தீர்ந்துபோன மருந்து டியூபும் கிடக்கின்றன. நீல மூடி டப்பா நிறைய இருக்கிறது, ஏனென்றால் பரிதி சோப்புதான் போடுகிறான். அப்படியானால் நீல மூடியைத் திறந்து ஒரு கிண்ணத்தில் கொட்டிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே, அதில் என்ன கஷ்டம், பொடி பொடிதானே. இந்தக் கிழங்கைத் தேய்த்தால் நிஜமாகவே முடி நின்றுவிடுமா என்று கேட்டால் அவனுக்கே நம்பிக்கை கிடையாது. நின்றுவிடும் என்றால் ஊரில் எவன் ரேசர் வாங்குவான், எவள் பார்லருக்குப் போவாள். இருந்தாலும் காலையில் நீல மூடியைக் கையில் எடுத்துவிட்டு அதைத் திறக்காமல் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டான். அது ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் பதினொன்றாவதில் படிப்பை விட்டிருப்பானா.

கத்தியின் நுனியால் கிழங்கை நெம்பினான். வரவில்லை. பின்வாசல் வழியாகப் பார்த்தால் துவைக்கிற கல் தெரியும், கல்மேல் எழில். முழங்காலைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் வழிகிற தலையை உச்சியில் கொண்டையாக முடிந்துகொண்டு, அம்மா கொண்டுவரச் சொன்ன சட்டையைப் போட்டுக்கொண்டு. ஆம்பளைச் சட்டை. "சட்டை பேண்ட்டு போட்டுட்டு வா, அப்படின்னா வா" என்று அம்மா போனில் சொன்னதைப் பரிதி பக்கத்தில் நின்று கேட்டான். நான்கு வருடம் பேசாதவள், கண்ணுக்குள் ஊசி போடுவார்களாம் என்று பயந்த அன்றைக்குத்தான் நம்பரைப் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு "சரிம்மா". சரி என்று சொன்ன மாதிரியே நேற்று வந்து இறங்கியாச்சு. வந்தாச்சு. இந்த 'ஆச்சு' இல்லாவிட்டால் பரிதிக்கு நேற்றிலிருந்து பேச்சே இல்லை. வந்தான் என்றும் வாய் வரவில்லை, வந்தாள் என்றும் வரவில்லை. அதனால் வந்தாச்சு. சாப்ட்டாச்சா, தூங்கியாச்சா, எண்ணெய் வச்சாச்சா. வீடு முழுக்க ஆச்சு ஆச்சு என்று தும்மல் மாதிரி. அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை, எழிலு என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறாள். அப்பா வைத்த பெயர் எழிலரசன். அவர் மேடைப் பேச்சுக்குப் பின்னாலேயே சுற்றிச் செத்துப்போன ஆள், பிள்ளைகளுக்கு நல்ல தமிழில் பெயர் வைத்தது ஒன்றுதான் அவர் செய்த உருப்படியான காரியம். இப்போது சென்னையில் எழிலரசி. எழில் அப்படியே இருக்கிறது. அம்மா அந்த எழிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமும் விழாமல் இந்தப் பக்கமும் விழாமல் நிற்கிறாள். தம்பிக்கு அந்த வசதி கிடையாது. எட்டு வயது மூத்தவரைப் பெயர் சொல்லியா கூப்பிட முடியும்? நேற்று "இந்தா" என்றான், "இங்க பாரு" என்றான், ஒரு தடவை தோளைத் தட்டினான்.

நேற்றே பக்கத்து போர்ஷன் மேகலா அத்தை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. "யாரு தவமணி, பெரியவனா? முடி என்ன இம்மாந்தூரம் வளத்துருக்கான்?" அம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கொஞ்சமும் அசராமல், "சமயபுரத்துக்கு வேண்டுதல்" என்றாள். பரிதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அட, எப்ப எறக்கறீங்க?" "ஆத்தா எப்பச் சொல்றாளோ அப்ப." அத்தை போன பிறகு எழில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "ஏம்மா, நாலு வருசமாவாம்மா ஆத்தா சொல்லல?" அம்மாவும் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு சட்டென்று நிறுத்தினாள். அந்த ஒரு நிமிடம் வீடு பழையபடி இருந்தது. பிறகு அம்மா கையை நீட்டி எழிலின் முகத்தைத் தடவப் போனாள், கன்னத்தில் ஒரு நாள் தாடி சொரசொரத்தது. பஸ்ஸில் வந்ததில் சவரம் செய்ய முடிந்திருக்காது. அம்மாவின் கை அங்கேயே நின்றது. முகத்தில் என்ன ஒரு நிம்மதி அவளுக்கு! அந்தச் சொரசொரப்பில் தொலைந்துபோன மகன் கிடைத்துவிட்ட மாதிரி. எழில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, உட்கார்ந்திருந்தான், உட்கார்ந்திருந்தாள், அந்தக் கை முகத்தைவிட்டு எடுக்கப்படுகிற வரைக்கும். அம்மா சந்தோஷப்படுகிற இடத்திலேயே எழிலுக்கு வலிக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் பார்க்க முடியாமல் பரிதி எழுந்து போய் மோட்டார் போட்டான். தொட்டி ஏற்கனவே நிரம்பியிருந்தது.

கிழங்கு வந்துவிட்டது. பாதிதான், மீதி உள்ளே. கட்டைவிரலில் கத்தி கீறிவிட்டது, பெரிதாக இல்லை. கெட்ட வார்த்தை ஒன்றை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டான். எழில் மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறது, "குளிச்சிட்டுக் கிளம்பறேம்மா, உன்னப் பாத்தாச்சு". பார்த்தாச்சு. எழிலுக்கும் ஆச்சு தொற்றிக்கொண்டது. இப்படிப் போனால் திரும்பி வராது என்று பரிதிக்கு உறுதியாகத் தெரிந்தது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் போ என்று சொல்லவில்லை, எல்லாரும் நல்லபடியாகத்தான் இருந்தார்கள். அப்படித்தான் திரும்பி வராமல் போவார்கள். நீல மூடிப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு, சமயபுரம் வேண்டுதலாக வாசலைத் தாண்டிப் போய், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்புறம் அடுத்த ஆபரேஷனுக்குத்தான்.

ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்குச் சாமி கும்பிடுகிற பிள்ளைகள் மாதிரி. அப்போதுதான் அம்மா அதைச் சொன்னாள். கண்ணைத் திறந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். "எல்லாம் என் கையாலதான்டா." "எது?" "எழிலு பொறந்தப்ப எனக்கு என்ன தெரியும். சொல்லித்தர ஆளா இருந்துச்சு? பொடின்னா பொடிதானேன்னு நான் எனக்கு அரைச்சதுலயே அள்ளி அவனையும் குளிப்பாட்டினேன். கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் போட்டது. நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும் அதேதான். பிள்ளை பளபளன்னு இருந்தான், கண்ணு பட்டுடும்னு பொட்டு வேற வச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது ஆம்பளப் புள்ளைக்கு அதப் போடக்கூடாதுன்னு." பரிதி "லூசாம்மா நீ" என்றான். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "பொடியால எவனாவது அப்படி ஆவானா?" "ஒனக்கு என்ன தெரியும். ஒன்ன அது பக்கம் நான் விடவே இல்ல. பாரு, நீ எப்படி இருக்க." எப்படி இருக்கிறான்? படிப்பை விட்டு, மொபைல் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டு, பூனைமுடி மீசையோடு. இதற்கா அவ்வளவு ஜாக்கிரதை? அம்மா மூடிய கண்ணோடு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக அந்தக் கையை வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், தலை வாரியிருக்கிறாள். அவளுக்கு எழில்மேல் கோபமே இல்லை என்பது அப்போதுதான் பரிதிக்கு உறைத்தது. நீல மூடி, நீல மூடி என்று அவள் சொல்வதெல்லாம், அன்றைக்குத் தேய்த்ததை இன்றைக்காவது கழுவிவிட முடியாதா என்றுதான்.

ஆனால் எழிலும் ஒரு காலத்தில் அதே கிழங்கை நம்பியது. பரிதி ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கும்போது. அம்மா கம்பெனிக்குப் போய்விடுவாள், எழில்தான் அவனைக் குளிப்பாட்டும். "கழுத்துல வயக்காடே இருக்குடா, நாத்து நடலாம்" என்று சொல்லிக்கொண்டு நீல மூடிப் பொடியைக் குழைத்துக் கழுத்திலும் முட்டியிலும் தேய்க்கும், மெதுவாக, அம்மா மாதிரி பரபரவென்று இல்லை, தோலுக்கு வலிக்குமோ என்று கேட்டுக் கேட்டு. "கண்ண மூடு, கண்ண மூடு, பொடி போகும்." ஒருநாள் அவன் மூடவில்லை. எழில் பச்சை மூடி டப்பாவைத் திறந்து உதட்டுக்கு மேல் பூசிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தான். அப்போது எல்லாரும் தேய்த்தான் என்றுதான் சொன்னார்கள். தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலுதடு சிவந்து, தடித்து, கடைசியில் பொட்டு ரத்தம் வந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்கலயா?" என்று கேட்டதற்கு, "வலிக்குது. ஒனக்குப் புரியாது, வாய மூடு" என்றாள். சாயந்தரம் அம்மா அந்த உதட்டைப் பார்த்தாள். அடிக்கவில்லை. டப்பாவில் இருந்த பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து, கையைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். அம்மா ஏன் இப்படிக் கழுவுகிறாள் என்று அன்றைக்குப் புரியவில்லை. ஒரே கிழங்கு. ஒருத்திக்குப் பாவம், இன்னொருத்திக்கு வரம். ரெண்டு பேருமே முட்டாள்கள், என்று நினைத்தான், நினைத்த கையோடு கிழங்கு மிச்சத்தைப் பிளேடிலிருந்து பிடுங்கி எறிந்தான், எறிந்ததைத் தேடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டும் வந்தான்.

இடிகல். இஞ்சி தட்டுகிற சின்ன இடிகல் ஒன்று அடுப்படியில் இருந்தது, அதில் கிழங்கைப் போட்டு, சத்தம் வராமல் இருக்கக் கைப்பிடித்துணியைச் சுற்றித் தட்டினான். டொக், டொக். துணி சுற்றினாலும் டொக்தான். காலையில் நாட்டு மருந்துக் கடைக்காரரும் இடித்துப் போடத்தான் சொல்லவந்தாரோ என்னவோ, இவன் நின்று கேட்கவில்லை. சொட்டு மருந்து வாங்கிவருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஓடினான். கோரைக்கிழங்கு என்றதும் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "யாருக்குத் தம்பி? ஒனக்குன்னா வேணாம். இப்பதான் லேசா எட்டிப் பாக்குது, அதுவும் ஓடிப்போயிடும்." "எங்கக்காவுக்கு" என்றான் பரிதி. "அக்காவுக்குக் கல்யாணமா?" "இல்ல, ஊர்லேருந்து வந்துருக்காங்க." "அப்ப கஸ்தூரி மஞ்சளும் கொஞ்சம் போட்டுக்க." "போடுங்க." அவ்வளவுதான், பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். சைக்கிளை மிதித்துப் பாதி வழி வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. எங்கக்காவுக்கு. முள் இல்லாத மீன் மாதிரி தொண்டையில் சிக்காமல் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆளிடம் வந்த வார்த்தை, அந்தச் சின்ன வீட்டுக்குள் ஏன் வரமாட்டேன் என்கிறது? வீட்டில் சொன்னால் ஒருத்தர் சந்தோஷப்படுவார், ஒருத்தருக்கு இடி விழும். கடைக்காரருக்கு இரண்டும் இல்லை. அதனால்தான்.

இடித்த கிழங்கைப் பயறோடு சேர்த்து மறுபடி ஜாரில் போட்டு, மிக்சிக்கு அடியில் இருக்கிற சிவப்பு பட்டனை அழுத்தினான். இந்தத் தடவை சத்தமில்லாமல் செய்ய வழியே இல்லை, ஓடட்டும் என்று விட்டான். ஓடியது. மூடியைத் திறந்ததும் வாசனை மேலே வந்தது. மண்ணும் கற்பூரமும் கலந்த மாதிரி, பக்கத்தில் அம்மா உட்கார்ந்தால் அடிக்கிற வாசனை, சின்ன வயதில் அவள் புடவையில் முகம் துடைத்த வாசனை. அடுப்படியில் நிற்காது இது, நேராக உள்ளறைக்குத்தான் போகும். கிண்ணத்தில் தட்டிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தான். அங்கே போக உள்ளறையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பரிதி."

நின்றான்.

"இங்க வா."

போனான். கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு போனான், அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் கிண்ணத்தை அந்தக் கைக்குக் கீழே கொண்டுபோனான். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து போர்ஷனில் குக்கர் விசில் அடித்தது. மூக்குக்குக் கொண்டுபோகவே இல்லை, அதற்கு அவசியமும் இல்லை.

"நீல மூடிதானே சொன்னேன்."

"ம்."

அம்மா விரலைப் புடவையில் துடைக்கவில்லை. அந்தப் பொடியோடேயே கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலியாயிடுச்சா அது?"

நீல மூடி டப்பா கழுத்து வரைக்கும் நிறைந்து அவள் தலைக்கு நேர்மேலே அலமாரியில் இருந்தது. நிரப்பி வைத்ததே அவள்தான். பரிதி அதைப் பார்த்தான். அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான், அதில் இரண்டு பரிதிகள் கிண்ணத்தோடு நின்றார்கள்.

"ஆமாம்மா. காலி."

"அப்ப சரி." விரலில் இருந்த பொடியை மறுபடி உரசிப் பார்த்து, "சலிக்கலயா நீ? இப்படியே குடுத்தா மூஞ்சி கிழிஞ்சிரும். எழிலுக்கு மேலுதடு ஏற்கனவே மெல்லிசு. மாவுச் சல்லடையில ரெண்டு தடவை சலி. மேல நிக்கிற கப்பிய எறியாத, கால்ல, முட்டில தேய்க்க நல்லாருக்கும், தனியாக் குடு. தயிரு இருந்தா அதுல குழைக்கச் சொல்லு, தண்ணி வேணாம், எரியும். இந்தக் கிழங்க இடிச்சுட்டுத்தான்டா மிக்சில போடணும், கூமுட்ட. சட்னியாம் சட்னி."

பரிதி சலித்தான். மாவு கீழே இறங்க, கப்பி மேலே நின்றது. இரண்டு கிண்ணம், ஒரு டம்ளர் தயிர், எல்லாவற்றையும் எவர்சில்வர் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான். எழில் பாத்ரூமுக்குள் போயாச்சு. தாழ்ப்பாள் சத்தம். கதவு ஒரு சாண் திறந்து எண்ணெய்க் கை நீண்டது, மணிக்கட்டில் வளையல் கழற்றிய தடம் வெள்ளையாக இருந்தது. "எந்த டப்பாடா?" என்று கேட்டது குரல், கேட்கும்போதே தெரிந்துவிட்டது போல. கிண்ணங்களும் தயிரும் உள்ளே போயின. உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை, மூச்சு மட்டும், போனில் அன்றைக்குக் கேட்ட அதே மூச்சு. பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" "தயிருல குழைக்கணுமாம். தண்ணி ஊத்தினா எரியுமாம்" என்றான். உள்ளே சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். கதவு மூடிக்கொண்டது. பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பி வந்து அடுப்படியில் மிக்சியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா மறுபடி கூப்பிட்டாள். முன்னைவிடச் சத்தமாக, ஏனென்றால் மேகலா அத்தை வாளியோடு பின்பக்கம் வந்து நிற்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. "டேய் பரிதி, வெந்நி போதுமான்னு அண்ணனக் கேளுடா." அண்ணனை. அந்த ஒரு வார்த்தையை அத்தை காதுக்காக அவள் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். பொடியை விட்டுக்கொடுத்தவளுக்கு இதையும் இன்றைக்கே விட்டுக்கொடுக்க முடியவில்லை, பாவம். பரிதி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அத்தை குழாயடியில் வாளியை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பாத்ரூம் கதவில் இரண்டு தட்டுத் தட்டினான். உள்ளே மெதுவாக, தோலுக்கு வலிக்காமல் தேய்க்கிற சத்தம் நின்றது. வெந்நீர் போதுமா என்று கேட்டான், அத்தைக்கும் கேட்க, உள்ளறையில் அம்மாவுக்கும் கேட்க. அண்ணா என்று கூப்பிட்டுத்தான் கேட்கச் சொல்லியிருந்தாள். அவன் அப்படிக் கூப்பிடவில்லை. கடைக்காரரிடம் வந்த வார்த்தைதான் வந்தது.